பழ ஈயின் மூளையில் கட்டி வளர்த்து, அது எதைத் தின்கிறது என்று பார்ப்பது எப்படி

பெரியவர்களுக்கு வரும் மூளைக்கட்டிகளில் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. அறுவை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை மூன்றும் முறையாகக் கிடைத்தாலும் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் 15 மாதங்களைத் தாண்டுவதில்லை. அந்தக் கட்டி எந்த உணவை எரித்து வளர்கிறது, எதை நிறுத்தினால் வாடும் என்ற கேள்விகளைக் கேட்க உலகில் பல ஆய்வகங்கள் பழ ஈயைப் பயன்படுத்துகின்றன. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் அதே சின்ன ஈதான். இந்தத் துறைக்குள் புதிதாக வருகிற முதுநிலை மாணவருக்கும், எலியிலோ செல் வளர்ப்பிலோ பழகி இப்போது ஈப்பக்கம் திரும்புகிறவருக்கும் எழுதுகிறேன். கட்டியை உருவாக்குவது இதில் எளிய பாதி. அளந்து கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பல மாத உழைப்பு வீணாகும், அல்லது பலிக்கும். அதனால் அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

ஈ எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு ஈயிலும் ஒரு சொந்தம் உண்டு. 25 டிகிரியில் முட்டை 10 நாளில் ஈயாகிவிடும். சர்க்கரையை உடைக்கும் பாதை, மைட்டோகாண்ட்ரியாவின் இயந்திரம், இன்சுலின் சமிக்ஞை எல்லாம் நமக்கும் அதற்கும் அடிப்படையில் ஒன்றே. இவற்றை விடப் பெரிய வசதி, குறிப்பிட்ட ஒரு வகைச் செல்லில் மட்டும், குறிப்பிட்ட நாளில் மட்டும், ஒரு மரபணுவை ஏற்றவோ அணைக்கவோ முடியும் என்பது. 1993-இல் ஆண்ட்ரியா பிராண்டும் நோர்பர்ட் பெர்ரிமனும் வெளியிட்ட கேல்4–யூஏஎஸ் முறை அதைத் தந்தது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கேல்4 புரதம் ஒரு சாவி, யூஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டு ஒரு பூட்டு. நரம்பு செல்களைச் சூழ்ந்து தாங்கும் கிளியா செல்லில் மட்டும் சாவி இருக்கிற ஈயையும், பூட்டுக்குப் பின்னால் உங்களுக்கு வேண்டிய மரபணு இருக்கிற ஈயையும் கலந்தால், குஞ்சில் அந்த மரபணு கிளியாவில் மட்டும் இயங்கும்.

முதலில் எந்தக் கட்டி என்று முடிவு செய்யுங்கள்

பரவலாகப் புழங்கும் மாதிரிகள் இரண்டு. இரண்டும் கேட்கும் கேள்வி வேறு.

முதலாவது கிளியா கட்டி. மனித கிளியோபிளாஸ்டோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் வளர்ச்சிச் சமிக்ஞையை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி பழுதாகியிருக்கும், அந்தச் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் பிஐ3-கைனேஸ் பாதையும் பல கட்டிகளில் கட்டுப்பாடில்லாமல் ஓடும். 2009-இல் ரெனே ரீடும் சக ஆய்வாளர்களும் இந்த இரண்டின் ஈ வடிவங்களையும் எப்போதும் இயங்கும்படி மாற்றி, ரெப்போ-கேல்4 என்ற கிளியா சாவியால் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். ஒன்றை மட்டும் ஏற்றினால் அப்படி ஒரு கட்டி வரவில்லை. இரண்டும் சேர்ந்தபோது கிளியா செல்கள் பெருகி, புழுவின் மூளை உப்பி, புழு ஈயாக மாறாமலே இறந்தது. மனித நோயின் சமிக்ஞைகளுக்கு நெருக்கமானது வேண்டுமென்றால் இது.

இரண்டாவது நரம்புத் தண்டுசெல் கட்டி. ஈயின் மூளையில் நியூரோபிளாஸ்ட் என்ற தண்டுசெல்கள் உண்டு, பிரிந்து பிரிந்து புதுச் செல்களைத் தருபவை இவை. மூளையின் ஒவ்வொரு பாதியிலும் இவற்றில் எட்டு மட்டும் இரண்டாம் வகை: இவை நேராக நரம்பு செல்லைப் பெறாமல், இடைநிலைச் செல்களைப் பெற்று அவற்றின் வழியே பெருகும். பிராட் என்ற மரபணு இல்லாவிட்டால் அந்த இடைநிலைச் செல்கள் முதிராமல் திரும்பவும் தண்டுசெல்லாகிவிடும். எட்டு இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் நிரம்பும். எலிசபெத் கேடெஃப் 1978-லேயே ஈயின் கட்டி மரபணுக்களைத் தொகுத்து எழுதியிருக்கிறார். 2005-இல் காசினஸும் கொன்சாலஸும், தண்டுசெல் பிரிவு பிசகிய புழு மூளைத் துண்டுகளை நல்ல ஈயின் வயிற்றில் ஊசியால் நட்டபோது, அவை வளர்ந்து, ஒன்றிலிருந்து அடுத்த ஈக்கு மாற்றி மாற்றி நட முடிகிற கட்டிகளாயின. ஒரு செல் எப்படிச் சாகாவரம் பெறுகிறது என்பது உங்கள் கேள்வியானால் இதை எடுங்கள்.

புதியவர் இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டாம். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல். என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதத்துக்கு பிராட் கட்டி. எந்த செல்லிலிருந்து கட்டி தொடங்கியது என்பது அதில் தெளிவாகத் தெரியும். தெளிவான தொடக்கம் இருந்தால் பின்னால் வரும் அளவைப் புரிந்துகொள்வது எளிது.

ஈக்களை வரவழைப்பது

எந்த ஈயில் என்ன மரபணு இருக்கிறது என்று ஃப்ளைபேஸ் தளத்தில் தேடலாம். ஈக்களை அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் புளூமிங்டன் மையம், ஆஸ்திரியாவில் வியன்னா மையம், ஜப்பானில் கியோட்டோ மையம் ஆகியவை அனுப்பும். இந்தியாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு மையத்துக்கு எழுதுவதற்கு முன், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய (என்சிபிஎஸ்) வளாகத்தின் ஈ வசதியையும் மைசூர் பல்கலைக்கழக ஈ மையத்தையும், அதே ஈயை வைத்திருக்கும் அக்கம்பக்க ஆய்வகங்களையும் விசாரியுங்கள். இறக்குமதி அனுமதியும் சுங்கமும் வாரங்களைத் தின்னும். வழியில் வெயிலில் கிடந்த குப்பியில் உயிர் மிச்சம் இருக்காது. மரபணு மாற்றிய ஈ என்பதால் உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வந்த ஈயை நேராகப் பொது அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு மாதமாவது தனி அறையிலோ தனித் தட்டிலோ வைத்து, ஒவ்வொரு குப்பியையும் நுண்ணோக்கியில் பாருங்கள். உண்ணிப்பூச்சி ஒரு குப்பியில் இருந்தால் ஒரு பருவத்துக்குள் அறை முழுவதும் பரவும்.

உணவு

வளர்சிதை மாற்ற ஆய்வில் ஈயின் உணவும் ஒரு மருந்து மாதிரிதான். இதைப் பலர் மிகவும் தாமதமாக உணர்கிறார்கள்.

சாதாரண ஈ உணவு சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகார் சேர்த்துக் காய்ச்சிய கூழ், பூஞ்சை வராமல் இருக்கக் கொஞ்சம் புரோப்பியானிக் அமிலம். இந்திய ஆய்வகங்கள் பலவற்றில் ரவையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சும் பழக்கமும் உண்டு. ஈக்களைப் பராமரிக்க அது அருமையான உணவு. கட்டி எதைத் தின்கிறது என்று அளக்கும் நாளில் மட்டும் வெல்லத்தை விட்டுவிடுங்கள். ஒரு மூட்டை வெல்லத்துக்கும் அடுத்த மூட்டைக்கும் சர்க்கரையும் தாது உப்புகளும் ஈரமும் மாறும். உங்கள் ஜனவரி மாத எண்ணும் மார்ச் மாத எண்ணும் ஒத்துப்போகாது, காரணமும் பிடிபடாது. எடை போட்ட சுக்ரோஸ், ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதி ஈஸ்ட், ஒரே நாளில் காய்ச்சிய ஒரே பானை. அந்தப் பானைக் கூழைக் கட்டி உள்ள ஈக்கும் கட்டி இல்லாத ஈக்கும் சமமாகப் பிரித்து ஊற்றுங்கள். தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள். குறிப்பிட்ட ஒரு அமினோ அமிலத்தைக் குறைத்துப் பார்க்கிற கட்டம் வந்தால், எல்லாப் பொருளும் வேதியியல் தூய்மையோடு எடை போட்டுச் சேர்க்கும் ஹோலிடிக் உணவுக்கு மாறலாம். அதில் புழு மெதுவாக வளரும், செலவும் கூடும்.

நெரிசலும் உணவுக் கணக்கில் சேரும். ஒரு குப்பியில் 40 புழுவும் இன்னொன்றில் 200 புழுவும் இருந்தால் அவை வெவ்வேறு உணவு தின்றவை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முட்டையைத் தட்டில் இடவைத்து, பொரிந்த புழுக்களை எண்ணிக் குப்பிக்கு மாற்றுங்கள். சலிப்பான வேலை. இதைத் தாண்டிப் போக வழியில்லை.

கலப்பு

பெண் ஈ ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த விந்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும், அதனால் இதுவரை சேராத பெண் ஈ வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்கு ஈ வெளிறிய நிறத்தில் இருக்கும், வயிற்றில் கரும்பச்சைப் புள்ளி ஒன்று தோலுக்கடியில் தெரியும். அந்தப் புள்ளி தெரிகிற பெண்ணை நம்பி எடுக்கலாம். காலையில் குப்பியைக் காலி செய்து, 25 டிகிரியில் 8 மணி நேரத்துக்குள் வந்து பொறுக்கிவிட வேண்டும்.

பல கட்டி ஈக்களைப் பேலன்சர் என்ற துணைக் குரோமோசோமோடுதான் காப்பாற்ற முடியும். கலப்பில் பாதிக் குஞ்சுகள் அந்தப் பேலன்சரை வாங்கிக்கொண்டு கட்டி இல்லாமல் பிறக்கும். புழுப் பருவத்திலேயே பிரிக்க வேண்டுமானால் டிஎம்6பி வகைப் பேலன்சருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் டப்பி என்ற குறி புழுவைக் குட்டையாகவும் தடியாகவும் ஆக்கும். ஒல்லியான நீளப் புழுக்களே உங்களுக்கு வேண்டியவை.

கட்டியை எப்போது தொடங்குவது என்பதற்கு வெப்பம் ஒரு விசை. கேல்80 புரதத்தின் வெப்பம் தாங்காத வடிவம் 18 டிகிரியில் கேல்4-ஐ அடக்கி வைக்கும், 29 டிகிரியில் விட்டுவிடும். 18-இல் வளர்த்து, வேண்டிய நாளில் 29-க்கு மாற்றினால் கட்டி அன்று தொடங்கும். கட்டி இல்லாத ஒப்பீட்டு ஈக்களும் அதே நாளில் அதே பெட்டிக்கு மாற வேண்டும். வெப்பம் ஒன்றே வளர்சிதை மாற்றத்தை மாற்றும்.

எதோடு ஒப்பிடுவது

கட்டியில் ஒரு நொதியை ஆர்என்ஏ குறுக்கீட்டால் (ஒரு மரபணுவின் செய்தியைச் சிதைத்து அதன் புரதத்தைக் குறைக்கும் முறை) குறைத்தீர்கள், கட்டி சிறுத்தது. உடனே மகிழ வேண்டாம், மூன்று சந்தேகங்கள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது, சாவி ஒன்றுதான், பூட்டு கூடக்கூட ஒவ்வொரு பூட்டுக்கும் கிடைக்கும் கேல்4 குறையும். அதாவது நீங்கள் சேர்த்த புதிய யூஏஎஸ் துண்டே கட்டி மரபணுவின் வேகத்தைக் குறைத்திருக்கலாம். ஆகவே ஒப்பீட்டு ஈயிலும் அதே எண்ணிக்கையில் யூஏஎஸ் இருக்க வேண்டும். ஈயில் இல்லாத ஒரு மரபணுவை, உதாரணமாக எம்செர்ரி என்ற சிவப்பாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை, குறிவைக்கும் வெறும் ஆர்என்ஏ குறுக்கீட்டை அங்கே வைக்கலாம்.

இரண்டாவது, குறுக்கீடு தவறான மரபணுவையும் தாக்கியிருக்கலாம். ஒரே நொதிக்கு வெவ்வேறு இடத்தைக் குறிவைக்கும் இரண்டு ஈ வகைகளாவது ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிது. அந்த நொதி இல்லாவிட்டால் எந்தச் செல்லும் வாழாது என்றால், கட்டி சிறுத்ததில் புதுச் செய்தி இல்லை. அதனால் நான்கு வகை ஈக்கள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் வளரட்டும்: நல்ல மூளை, நொதி குறைத்த நல்ல மூளை, கட்டி, நொதி குறைத்த கட்டி. நல்ல தண்டுசெல் தாங்கிக்கொண்டு கட்டி மட்டும் தாங்கவில்லை என்றால் அங்கே ஒரு கதவு திறக்கிறது.

வயது தனிச் சிக்கல். கட்டி உள்ள புழு கூடு கட்டாமல் பல நாள் புழுவாகவே சுற்றிக்கொண்டிருக்கும். நான் தொடக்கத்தில் கட்டிப் புழுக்களை மூளை நன்றாக உப்பிய பத்தாம் நாளில் எடுத்து, கூடு கட்டப் போகும் ஐந்தாம் நாள் நல்ல புழுக்களோடு ஒப்பிட்டேன். சர்க்கரை பாதியில் உடைந்து மிஞ்சும் லாக்டேட்டின் அளவில் அழகான வித்தியாசம் வந்தது. பிறகு பொரிந்ததிலிருந்து மணிக்கணக்கில் வயதைச் சமப்படுத்தித் திரும்பச் செய்தபோது அதில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. நான் அளந்தது ஐந்து நாள் கூடுதல் சாப்பாட்டையும் ஹார்மோன் மாற்றத்தையும். இப்போது ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு ஒப்பீடு வைக்கிறேன், வயதால் சமமான புழு, பருவத்தால் சமமான புழு. இரண்டிலும் நிற்கிற முடிவை மட்டும் எழுதுகிறேன்.

மூளையை எடுப்பது

மூன்றாம் பருவப் புழு உணவை விட்டுச் சுவரில் ஏறும் நேரம் பழகுவதற்கு எளியது. கூர்மையான ஐந்தாம் எண் இடுக்கி இரண்டு, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசல், ஒளியுள்ள நுண்ணோக்கி. ஒரு இடுக்கியால் உடலின் நடுவைப் பிடித்து, இன்னொன்றால் வாயின் கருப்புக் கொக்கியைப் பிடித்து மெல்ல இழுத்தால் மூளை கூடவே வரும்: இரண்டு வெள்ளை உருண்டை, கீழே ஒரு வால். கடுகை விடச் சின்னது. முதல் நாள் பத்தில் ஒன்பது கிழியும், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். கட்டி உள்ள மூளை பொலபொலவென்று இருக்கும், அதனால் நல்ல புழுவில் கை தேறிய பிறகே அதைத் தொடுங்கள்.

கட்டியின் அளவைப் பார்க்க 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் ஊறவைத்து, டிரைட்டன் என்ற சோப்பு வகைப் பொருள் கலந்த பிபிஎஸ்ஸில் கழுவி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் இரவு முழுவதும் வைத்து, கன்ஃபோகல் நுண்ணோக்கியில் படம் எடுங்கள். அடையாளப் புரதங்கள் இவை: தண்டுசெல்லுக்கு டெட்பேன், கிளியாவுக்கு ரெப்போ, முதிர்ந்த நரம்புக்கு ஈலாவ், பிரியும் செல்லுக்கு பாஸ்போ-ஹிஸ்டோன் எச்3. எண்ணுகிறவருக்கு எது எந்த ஈ என்று தெரியாதபடி பெயரை மறைத்துக் கொடுங்கள்.

வளர்சிதை மாற்றத்தைக் கேட்பது

1920-களில் ஓட்டோ வார்பர்க், கட்டிகள் ஆக்சிஜன் இருந்தும் சர்க்கரையைப் பாதியில் உடைத்து லாக்டேட்டாகக் கொட்டுகின்றன என்று காட்டினார். அந்தப் பெயர் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. புதியவர்கள் லாக்டேட்டைத் தேடிக்கொண்டே ஈக்குள் நுழைவது அதனால்தான். கொஞ்சம் நில்லுங்கள்.

நல்ல ஈப்புழுவே அப்படித்தான் வாழ்கிறது. நான்கு நாளில் எடை ஏறத்தாழ 200 மடங்கு பெருக வேண்டிய உடம்பு அது. ஈஆர்ஆர் என்ற ஏற்பி கருவிலேயே கிளைகாலிசிஸ், அதாவது சர்க்கரையை உடைக்கும் பாதையின் நொதிகளை ஏற்றிவிடுகிறது என்று 2011-இல் ஜேசன் டென்னெசனும் குழுவினரும் காட்டினார்கள். அது மட்டுமில்லை, மூளையைச் சுற்றியுள்ள நல்ல கிளியா செல்களும் ரத்தத்தின் டிரெஹலோஸ் சர்க்கரையை உடைத்து லாக்டேட், அலனின் வடிவில் நரம்புகளுக்கு ஊட்டுகின்றன என்று 2015-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ஆகவே முழுப் புழுவை அரைத்து லாக்டேட் கூடுதல் என்று கண்டால் அது கட்டியைப் பற்றி எதையும் சொல்லாது. கட்டி செல்லுக்குள் பார்க்க வேண்டும்.

பார்த்தவர்களுக்கு எதிர்பாராதது கிடைத்தது. 2019-இல் கேம்பிரிட்ஜில் வான் டென் அமேலேயும், கேல்4 முறையைத் தந்த அதே ஆண்ட்ரியா பிராண்டும், ஈயின் நரம்புத் தண்டுசெல் கட்டிகள் வளர மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் வழி தேவை என்று எழுதினார்கள். 2020-இல் வியன்னாவில் யூர்கன் நோப்லிக் குழுவின் பொன்னேயும் சக ஆய்வாளர்களும், பிராட் கட்டியின் தண்டுசெல்கள் சாகாவரம் பெறும்போது ஆக்சிஜன் வழியைக் கூட்டிக்கொள்கின்றன, மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைவதும் அதற்குத் தேவை என்று காட்டினார்கள். இதே குழு 2014-இல், நல்ல தண்டுசெல்கள் கூட்டுப்புழுப் பருவத்தில் எக்டைசோன் ஹார்மோன் வந்ததும் ஆக்சிஜன் வழிக்குத் திரும்பி, ஒவ்வொரு பிரிவிலும் சுருங்கி, கடைசியில் நின்றுவிடுகின்றன என்று சொல்லியிருந்தது. நல்ல செல்லை நிறுத்துகிற மாற்றத்தின் சாயலே கட்டியில் வளர்ச்சிக்குத் துணை நிற்கிறது. இந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. புதியவர் நுழைய நல்ல இடம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

சரி, எப்படிச் செய்வது? குறைத்துப் பார்ப்பதில் தொடங்குங்கள், கருவி வாங்குவதில் வேண்டாம். கிளைகாலிசிஸில் பிஎஃப்கே நொதி, லாக்டேட்டுக்கு எல்டிஎச் நொதி, ஆக்சிஜன் வழியில் மைட்டோகாண்ட்ரியாவின் முதலாம் புரதக் கூட்டமைப்பின் ஒரு துணைப்புரதம், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செய்யும் ஏடிபி சின்தேஸ். இந்த நான்கையும் மேலே சொன்ன நான்கு வகை ஈ ஒழுங்கில் குறைத்து, கட்டியின் கன அளவை அளந்தாலே எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் உயிருள்ள செல்லுக்குள் பார்ப்பது. லாக்டேட்டுக்கு லாகோனிக் என்ற ஒளிரும் உணரி உண்டு, ஏடிபிக்கும் பைருவேட்டுக்கும் தனித்தனி உணரிகள் உண்டு. இவற்றை அதே கேல்4 சாவியால் கட்டியில் மட்டும் ஏற்றி, மூளையை வெளியே எடுத்து, சர்க்கரைக் கரைசலில் உயிரோடு வைத்துப் பார்க்கலாம். இதுவும் ஒரு யூஏஎஸ் என்பதை மறக்காதீர்கள். ஒளியின் அளவை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு தடுப்பு மருந்தைச் சேர்த்தவுடன் அது எவ்வளவு வேகமாக ஏறுகிறது, இறங்குகிறது என்று பாருங்கள். அளவு என்பது குளத்து நீர் மட்டம் மாதிரி. வரத்தும் போக்கும் சமமாகக் கூடினாலும் மட்டம் அப்படியே நிற்கும்.

கடைசியாக, மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானியில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை ஒரே முறையில் அளப்பது. ஒரு மாதிரிக்குப் பத்துக் கணக்கில் மூளைகள் வேண்டும். ஒவ்வொரு மூளையும் எடுத்த சில நிமிடத்தில் திரவ நைட்ரஜனுக்குள் போக வேண்டும். இடுக்கியில் பத்து நிமிடம் கிடந்த மூளை ஆக்சிஜனும் உணவும் இல்லாமல் தவித்திருக்கும், அந்தத் தவிப்பைத்தான் கருவி எழுதும். இரண்டு பேர் உட்கார்ந்து, கட்டி ஒன்று, ஒப்பீடு ஒன்று என மாற்றி மாற்றி எடுங்கள். காலையில் எல்லாக் கட்டியும் மாலையில் எல்லா ஒப்பீடும் எடுத்தால் கிடைப்பது காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம்.

ஈ சொல்லாதவை

ஈக்கு நம்மைப் போன்ற ரத்தக் குழாய் வலை இல்லை. உறுப்புகளைக் குளிப்பாட்டும் திறந்த ரத்த ஓட்டமும், நேராக ஆக்சிஜன் கொண்டுவரும் மூச்சுக் குழல்களும்தான். ஆகவே மனிதக் கட்டியின் நடுவில் ரத்தம் எட்டாமல் செத்துக் கிடக்கும் பகுதியை இங்கே அப்படியே தேட முடியாது. டி செல்லும் பி செல்லும் இல்லை. ரத்த-மூளைத் தடுப்பு உண்டு, அதைக் கட்டுவது கிளியா செல்கள். அதனால் கிளியா கட்டியைப் படிக்கும்போது தடுப்பு தளர்ந்துவிட்டதா என்று ஒரு சாயத்தால் தனியே பார்த்துவிடுங்கள். பிராட்டுக்கு மனிதரில் டிரிம்3 என்ற சொந்தம் இருந்தாலும், பிராட் கட்டியைக் கிளியோபிளாஸ்டோமா என்று எழுதக் கூடாது. ஈயில் கண்ட தேவையை நோயாளியின் கட்டியிலிருந்து வளர்த்த செல்களிலும், பிறகு எலியிலும் கேட்ட பின்பே மருந்தைப் பற்றிப் பேச முடியும். நோயாளியின் குடும்பத்தினரும் இணையத்தில் இவற்றைப் படிக்கிறார்கள். "ஈயில் கட்டி சிறுத்தது" என்ற வரிக்கும் "மருந்து வந்துவிட்டது" என்ற வரிக்கும் நடுவில் எத்தனை ஆண்டு கிடக்கிறது என்பதை அவர்கள் கேட்டால் நேராகச் சொல்லுங்கள்.

இந்த வாரமே தொடங்க நினைப்பவருக்கு ஒரு வரிசை. திங்களன்று எடை போட்டு ஒரே பானை உணவு. செவ்வாய் முதல் புள்ளி உள்ள பெண்களைப் பொறுக்குவது. வெள்ளியன்று எம்செர்ரி ஒப்பீட்டையும் பிராட் குறுக்கீட்டையும் ஒரே தண்டுசெல் கேல்4-உடன் கலந்து, முட்டை இடவைத்து 29 டிகிரியில் வைப்பது. அடுத்த வாரக் கடைசிக்குள் முதல் புழுக்கள் சுவரேறும். அதுவரை மிச்சமிருக்கும் நாட்களில் நல்ல புழுக்களை எடுத்து, கிழியாமல் மூளை வரும்வரை பழகிக்கொண்டிருங்கள்.